பனிக்கண்ணாடிப் படலம்

விண்ணுக்கு முகிலையும் கடலுக்கு மூடுபனியையும் கண்ணுக்கு இமையையும் திரையாகத் தந்து, தெரியவேண்டியதைத் தெரியவேண்டிய பொழுதிலே தெரியச்செய்யும் வல்லோனைப் போற்றித் தொடங்குகிறோம். அவன் அருளாலே, கல்முனைக் கடற்கரையின் தென்னஞ்சோலை ஓரத்திலே, மொட்டைமாடி வீடொன்றின் கீழறையிலே, வலக்கையில் சுட்டியும் இடக்கையில் தேத்தண்ணிக் கோப்பையும் ஏந்தி வீற்றிருந்த ஸம்றா என்னும் பெருந்தகையாளை வாழ்த்துகிறோம். வாழி அவள் விரல்கள், விசைப்பலகையை மாவெனப் பிசைந்து பதப்படுத்திய விரல்கள். வாழி அவள் கண்கள், கோடொன்று மயிரிழை விலகினும் தூக்கம் விலகிப்போகும் கண்கள்.

அவள் சரீபாவின் இளைய மகள். கடல்முரசு விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவனும் செயலாளனும் தொலைந்த பந்தைத் தேடுவோனுமாகிய முஸ்தாக்கின் தங்கை. கட்டார் நாட்டு டோஹா மாநகரிலே, பாலை வெயிலோடு பொருது, மாடமாளிகைகளுக்குக் குளிர்காற்றுக் குழாய் பொருத்தும் மிஹ்லாரின் மனையாள். கொழும்பு நிறுவனங்கள் சிலவற்றுக்காக வீட்டிலிருந்தபடியே கைபேசித் திரைகளை வடிவமைப்பவள். எந்தப் பொத்தான் எங்கே நிற்கவேண்டும், எந்த எழுத்து எத்துணை தடிக்கவேண்டும், எந்த நிறம் எந்த நிறத்தின் அருகே வாயடங்கி இருக்கவேண்டும் என்று ஆணையிட்டு, அவ்வாணை பிழைத்த இடத்தைக் கண்டால் உண்ணாமல் திருத்துபவள்.

பெருநூல் மரபின்படி இவ்விடத்தில் நாட்டு வளம் பாடவேண்டும். கிழக்கே கடல் கரைவலைத் தோணிகளைத் தாலாட்டியதையும், மேற்கே வயல்வட்டையெல்லாம் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்ததையும், இடையிலே பெருவீதி சந்தை இரைச்சலால் மற்றொரு கடலானதையும் நூறு பாட்டிற் பாடலாம். ஆயினும் நாணயம் சுண்டும் நேரம் நெருங்கிவிட்டமையால், நாடு வளமாகவே இருந்தது என்னும் அளவில் நிறுத்திக்கொண்டு, போர் மூண்ட காரணத்தைச் சொல்லுகிறோம்.

ஆண்டுதோறும் பெருநாள் கழிந்ததும் அக்கடற்கரை மைதானத்திலே மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி நிகழும். அதைக் காணும் கண்களிற் பாதிக்கு மேல் கல்முனையில் இல்லை. டோஹாவிலும் றியாதிலும் குவைத்திலும், அடுக்குக் கட்டில்கள் நிறைந்த அறைகளிலே, கைபேசியொன்றைச் சுவரிற் சாய்த்துவைத்து அதன் முன்னே குந்தியிருந்து, ஊர்க்காற்றைக் கண்ணாற் குடிக்கும் ஆடவரின் கண்கள் அவை. அவர்கள் பொருட்டே ஆட்டம் நேரலையாக ஒளிபரப்பாகும். சென்ற ஆண்டு அந்நேரலையின் ஓட்டக்கணக்கு, திரையின் இடக்கை மூலையிலே கருநிறப் பெட்டியொன்றாகக் கிடந்தது. யாரோ அவசரத்திற் செய்து போட்ட பெட்டி அது. அதன் இழிதகைமையை மிஹ்லார் மனைவிக்கு இவ்வாறு உரைத்தான்.

"சந்தூக்கு மாதிரி ஒண்டு மூலையில கிடந்திச்சி. ஆட்டம் பாத்த மாதிரி இல்ல ஸம்றா, மௌத்து வீட்ட போய் இருந்த மாதிரித்தான் இருந்திச்சி."

அப்பிணப்பெட்டிக்கு மாற்றாக வேறொன்று செய்யும் பணியை இவ்வாண்டு ஸம்றாவே ஏற்றாள். மாதிரி ஒன்றை வரைந்து கணவனுக்கு அனுப்பினாள். அவன் பார்த்தான், "பரவாயில்ல" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. ஏனெனில் மிஹ்லார், மனைவியை முகத்துக்கு நேரே புகழும் வழக்கமில்லாத பெருங்குடியிற் பிறந்தவன். ஆயினும் அன்று, அழைப்பைத் துண்டித்துவிட்டதாக எண்ணிக் கைபேசியைக் கட்டிலில் எறிந்த அவன், அறைத்தோழர் நடுவே எழுந்து நின்று முழங்கிய முழக்கம், துண்டிக்கப்படாத அழைப்பின் வழியே கடல் கடந்து வந்து கல்முனையிலே அவள் செவியில் விழுந்தது.

"இந்த முறை என்ட பொஞ்சாதிதான் செய்யிறா. பாத்ரூம் கண்ணாடி இரிக்கில்ல, பின்னால ஆள் போனா மங்கலாத் தெரியுமே, அது மாதிரி. எழுத்து மட்டும் பளிச்செண்டு நிக்கும். இருந்து பாருங்க."

பொன்னும் மணியும் புனைந்து பாடிய புகழுரைகள் உலகில் உண்டு. பாத்ரூம் கண்ணாடியை உவமை காட்டிப் பாடிய அப்புகழுரைக்கு அவை ஈடாகா என்றே ஸம்றா கருதினாள். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நெடுநேரம் நின்றாள். நின்று, நெஞ்சுக்குள்ளே சூளுரைத்தாள்: பனி படர்ந்த கண்ணாடியைத் திரையிலே வார்ப்பேன், அதன் பின்னே ஆடவரும் ஆழியும் அசைவது தெரியும், அதன் மேலே எண்கள் விண்மீனென நிற்கும், என்னவன் சொல்லை அவ்வறையினர் நடுவே வீழவிடேன். நெஞ்சுக்குள் உரைத்தது இது. வாய்விட்டு உரைத்தது, "உம்மா, இண்டைக்கு நான் கறி ஆக்கல்ல" என்பது மட்டுமே.

கண்ணாடி வார்த்த திறம் கேளுங்கள். மணலும் உலையும் வேண்டாக் கண்ணாடி அது. திரையிலே தோன்றும் படம் என்பது எண்ணிறந்த நிறப்புள்ளிகளின் கூட்டம் அன்றோ. அவற்றுள் ஒவ்வொன்றும் தன் அயலவரிடமெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாக நிறம் வாங்கித் தன் நிறத்தோடு குழைத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டாள். அக்கணமே கூரியன யாவும் கூர்மை இழந்து, தென்னை பச்சைப் புகையாயிற்று; கடல் நீலப் புகையாயிற்று; நடுவர் வெள்ளைப் புகையாயினார். இனி, அயல் என்பது எவ்வளவு தூரம் என்பதிலே முதற்போர் மூண்டது. அடுத்த வீடு மட்டுமே அயல் என்றால் புகை போதவில்லை. பின்னே ஓடியவனின் சட்டை இலக்கமும் முன்னே நின்ற ஓட்ட இலக்கமும் ஒன்றோடொன்று கட்டிப்புரண்டு, அணி எடுத்தது எண்பதா எண்ணூறா என்று அறிய ஒண்ணாதாயிற்று. ஊர் முழுதும் அயல் என்றால் யாவும் ஒரே சாம்பலாகி, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது கடலோ கத்தரித் தோட்டமோ என்று ஐயுற நேர்ந்தது. கூட்டினாள், குறைத்தாள், கூட்டினாள். தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்தது.

கடைசியில் ஓர் அளவு வாய்த்தது. அதன்மேல் வெண்மையான மெல்லாடை ஒன்றைப் போர்த்தினாள். போர்த்தியதும் நிறங்களெல்லாம் சோகை பிடித்து வெளிறின. ஆகவே பின்னணிக்கு ஊட்டம் கொடுத்துச் சிவப்பைச் சிவப்பாகவும் பச்சையைப் பச்சையாகவும் தேற்றினாள். கண்ணாடிக்கு விளிம்பு வேண்டுமே என்று மேற்புறத்திலே காலை வெயில் பட்டாற்போல மயிரிழை வெண்கோடு இழுத்தாள். அப்போதும் அது சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் போலவே தோன்ற, இடியப்ப மா அரிப்பவளைப்போல நுண்ணிய புள்ளிகளை அதன்மேல் தூவினாள். தூவிவிட்டுத் தலையைச் சரித்துப் பார்த்தாள். கண்ணாடி, பெருமூச்சு ஒன்று பட்டாற்போலப் பனித்து நின்றது.

வென்றேன் என்ற எண்ணத்தோடு அதைக் கூடத்துத் தொலைக்காட்சியிலே சோதனைக்கு ஏற்றிவைத்து, முகம் கழுவிவிட்டுத் திரும்பினாள். அங்கே சரீபா, ஈரத்துணி ஏந்திய கையராய், திரையின் இடக்கை மூலையை ஆற்றலெல்லாம் திரட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன உம்மா செய்யிறீங்க?"

"மூலையில ஊத்தை படிஞ்சிரிக்கி. எவ்வளவு துடைச்சாலும் போகுதில்ல."

"அது ஊத்தை இல்ல உம்மா. நான் செஞ்ச கண்ணாடி."

சரீபா இரண்டடி பின்வாங்கி, துணியை மற்றக் கைக்கு மாற்றி, நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் புள்ள, உனக்குத் தெளிவான கண்ணாடி செய்யத் தெரியாதா?"

இவ்வினாவுக்கு விடையிறுக்க வல்ல வடிவமைப்பாளர் ஏழ்கடல் வளாகத்தில் எங்கும் இல்லை. ஸம்றா துணியை மட்டும் மெல்ல வாங்கிவைத்தாள்.

இறுதியாட்ட நாள் விடிந்தது. எதிரே நின்றது காரைதீவிலிருந்து வந்த அணி. அடித்தால் பந்து கடலில் நனையும் என்று பெயர்பெற்ற ஜதுசன் அவ்வணியின் தலைவன். மொட்டைமாடியின் விளிம்பிலே, ஒளிப்படக் கலைஞன் றினாஸ் தன் கமெராவை முக்காலியில் நிறுத்தி, அதற்குக் குடையும் தனக்குத் தலைத்துண்டும் கட்டி, மைதானம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்குமாறு வைத்து, இனி அதை அசைப்பதில்லை என்னும் அருந்தவத்தில் அமர்ந்தான். கமெராவின் வடம் மாடிப்படி வழியே இறங்கிக் கீழறையில் ஸம்றாவின் மடிக்கணினியைச் சேர்ந்தது. அவ்வறையின் சன்னல் மைதானத்து எல்லைக்கயிற்றைத் தொட்டும் தொடாமலும் திறந்திருந்தது. சன்னலுக்கு நேரே இருந்த அந்த மூலைதான் கமெராவின் பார்வையிலே திரையின் இடக்கை மூலை. அங்கேதான் ஸம்றாவின் கண்ணாடி நின்றது. அங்கேதான், தங்கையை மேற்பார்வை செய்யவும் தாகத்துக்குத் தண்ணீர் வாங்கவும் வசதியென்று, முஸ்தாக் தான் களத்தடுப்புக்கு நிற்கும் இடமாக வகுத்திருந்தான்.

முற்பாதியிலே கடல்முரசு துடுப்பெடுத்தாடியது. நல்ல ஓட்டங்கள் சேர்ந்தன. கண்ணாடிக்குப் பின்னே எதிரணியின் சட்டைகளும் வெண்மணலும் கனவுபோல் நகர, மேலே எண்கள் கம்பீரமாக ஏறின. கடல் கடந்த கருத்துரைகள் வந்து குவிந்தன. "பெட்டி வடிவா இரிக்கி" என்றார் குவைத்தில் ஒருவர். கமெராவின் மூலையில் ஈரம் பட்டிருக்கிறது, துடைக்கச் சொல்லுங்கள் என்று றியாதில் ஒருவர் எழுதினார். அவரை ஸம்றா மன்னித்தாள்.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு ஒலித்தது. ஆட்டம் நின்றது, ஆடவர் பள்ளிவாசலுக்குப் போய்வந்தனர், ஸம்றாவும் தொழுது எழுந்தாள். பகற்சோறு மூடிவைத்தபடியே அடுப்படியிற் கிடந்தது. பிற்பாதி தொடங்கியது. பகைவன் அப்போதுதான் படையெடுத்தான்.

அப்பகைவன் காரைதீவான் அல்லன். கணினியின் வயிற்றிலே கருக்கொண்ட வெப்பம் என்னும் பேரரக்கன் அவன். ஸம்றா தன் கண்ணாடியை நின்ற படத்தின்மேலே வார்த்துப் பார்த்தவள். நின்ற படத்திலே புள்ளிகள் ஒருமுறை நிறம் வாங்கினாற் போதும், பின் உறங்கலாம். ஓடும் படத்திலோ பந்து ஒரு முழம் நகர்ந்தால், காக்கை ஒன்று குறுக்கே பறந்தால், புள்ளிகள் அத்தனையும் மீண்டும் வீடுவீடாக ஏறி இறங்கி நிறம் வாங்கி வரவேண்டும். இமை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் பலமுறை வாங்கி வரவேண்டும். முற்பாதி முழுவதும் அவ்வாறு அலைந்த களைப்பும், பின்னேரத்துச் சன்னல் வெயிலும் கூடி, கணினியின் விசிறி நெல்லாலைபோல் அலறத் தொடங்கியது. படம் திக்கியது. பந்து வீசுபவன் ஓடத்தொடங்குவது தெரிந்தது. மறுபடி தெரிந்தபோது அவன் தலையிற் கைவைத்து நின்றான். இடையில் நிகழ்ந்தது என்னவென்று படைத்தவனே அறிவான்.

முஸ்தாக்கின் காற்சட்டைப் பையிலே கைபேசி அலறியது. பந்து மறுகோடியில் இருந்த இடைவெளியைப் பயன்படுத்தி அவன் சன்னலருகே வந்தான்.

"புள்ள, படம் நிண்டு நிண்டு வருதாம். கட்டாரால எடுத்து ஏசுறாங்கள். கண்ணாடியத் தூக்கிட்டுப் போன வருசத்துப் பெட்டியப் போடு."

"ஏலா காக்கா," என்றாள் அண்ணனிடம்.

"ஏன் ஏலா?"

ஓர் அறை நிறைந்த ஆடவரின் நடுவே எழுந்து நின்று ஒருவன் சொன்ன சொல்லை ஸம்றா எவ்வாறு சன்னல் வழியே எடுத்துச் சொல்வாள்.

"மறுகா நான் நிக்கிறதும் தெரியுதில்லையாம். நீலமா ஒரு பேய் ஆடுதாம்."

"அது நீங்கதான் காக்கா. வடிவா இரிக்கி."

பந்து வந்துவிட்டமையால் முஸ்தாக் ஓடினான். ஸம்றா அறைக்கதவைச் சாத்திப் படைக்கலங்களை எடுத்தாள். அயலின் எல்லையைக் குறுக்கினாள். கணினி ஒரு மூச்சு இளைப்பாறி மீண்டும் அலறியது. படத்தை நாலிலொரு பங்காகச் சுருக்கி, சுருங்கியதை மங்கவைத்து, மங்கியதை மீண்டும் பெருப்பித்து ஒட்டும் தந்திரத்தை ஏவினாள். அது ஓர் ஓவர் வரை தாங்கியது. தூவிய புள்ளிகளைத் துறந்தாள். உயிரினும் இனிய மேல்விளிம்பு வெண்கோட்டையும் துறந்தாள். மேசை விசிறியை இழுத்துக் கணினியின் முகத்துக்கு நேரே வைத்தாள். அலறல் கேட்டு வந்த சரீபா நிலைமையை ஒரே பார்வையில் உணர்ந்து, குளிர்பெட்டியின் அடித்தட்டிலே கல்லாய் உறைந்து கிடந்த இறால் பொதியைக் கொணர்ந்து கணினியின் அடியிற் செருகினார்.

"இத வை. காய்ச்சலுக்கு ஈரச்சீல போடுறேல்லையா."

உலக வரலாற்றிலே திரைக்கண்ணாடி ஒன்றைக் காக்க இறால் போர்க்களம் புகுந்தது அன்றுதான். கணினியின் அடிவயிற்றிலே மெய்யான பனி முத்து முத்தாகப் படர்ந்தது. விசிறியின் அலறல் முனகலாயிற்று. ஸம்றா உம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கை இறால் மணந்தது. படம் ஓடியது. இரண்டு ஓவர் ஓடியது. பின்பு இறால் இளகியது. படம் மீண்டும் திக்கியது.

அவ்வேளையிலே ஜதுசன் காலூன்றி நின்றுவிட்டான். கை நிறைய ஓட்டம் இருந்த கடல்முரசு, கை விரித்து நிற்கும் நிலை வந்தது. இறுதி ஓவர். முதற்பந்திலே ஒரு பெருங்கூச்சல் எழுந்து, மைதானத்தில் அடங்கியது. ஸம்றாவின் கைபேசி ஒளிர்ந்தது. மிஹ்லார்.

"ஸம்றா, வடிவா இரிக்கி புள்ள." முகத்துக்கு நேரே சொன்னான். அவனுக்குப் பின்னால் பல குரல்கள் மோதின. "அது... ஜதுசன் அவுட்டா இல்லையா எண்டு இஞ்ச தெரியல்ல. படம் நிண்டுட்டு. பொடியனுகள் சண்டை பிடிக்கிறானுகள்."

"அவுட் இல்ல மச்சான். மட்டையில படல்ல."

"அப்ப சரி." சற்று நின்றான். "சரி புள்ள, நீ உன்ட வேலையப் பாரு."

கண்ணாடியை எடு என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். பெரும்படை கொண்டு வந்து கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டாள். கேளாமல் விட்டான். கேளாமல் விட்ட அவன் குரலிலே, தன் ஊர் ஆட்டத்தின் கடைசி ஓவரைக் காணமுடியாத ஒருவனின் ஏக்கம் கண்ணாடிக்குப் பின்னே நிற்பவன்போல் மங்கலாகத் தெரிந்தது. அதை அவள் கண்டாள். கண்டதும் உள்ளம் உடைந்தது.

உடைந்த உள்ளத்திலேதான் சூழ்ச்சி பிறக்கும் என்பர். ஓடும் படத்திலிருந்து ஒரேயொரு கணத்தை வலைவீசிப் பிடித்தாள். அதை ஒருமுறை மட்டும் மங்கவைத்தாள். மங்கிய அந்த ஒற்றைப் படத்தை ஓட்டக்கணக்கின் முதுகிலே ஒட்டிவிட்டு, புள்ளிகளை நோக்கி, இனி அலையவேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று விடுதலை அளித்தாள். மடை திறந்ததும் வட்டைக்குள் பாயும் முதல் தண்ணீரைப்போல நேரலை தடையின்றிப் பாய்ந்தது. விசிறி அடங்கியது. டோஹாவும் றியாதும் குவைத்தும் ஒருங்கே பெருமூச்சு விட்டன. ஸம்றா மட்டும் நாணித் தலைகுனிந்தாள். ஏனெனில் அது பொய்க்கண்ணாடி. அதன் பின்னே எதுவும் அசையாது. தோற்றத்திலே கண்ணாடி, உண்மையிலே சுவரில் ஒட்டிய படம்.

ஆயினும் அவசரத்திலே அவள் காணத் தவறிய ஒன்று உண்டு. அவள் வலைவீசிய அக்கணத்திலே, கடற்கரையில் மேய்ந்த பசு ஒன்று எல்லைக்கயிற்றைத் தாண்டி வந்து அந்த மூலையில் நின்றது. முஸ்தாக் அதைத் துரத்த அதன் வலப்புறமாகச் சுற்றி, கண்ணாடிக்கு வெளியே ஓடியிருந்தான். மறுகணமே பசு போய்விட்டது. திரையிலே போகவில்லை.

மீண்டும் சன்னலில் முஸ்தாக் தோன்றினான். காதில் கைபேசி இருந்தது.

"புள்ள, என்ட இடத்துல மாடு நிக்கிதாம்."

"மாடு போயிட்டே காக்கா."

"இஞ்ச போயிட்டு. அங்க போகல்லையாம். கபில நிறத்தில ஒண்டு அசையாம நிக்கிதாம். உங்கட தலைவர மாத்திட்டீங்களா எண்டு கேக்கிறானுகள். புள்ள, அல்லாவுக்காக அந்தக் கண்ணாடிய எடு."

"இன்னும் கொஞ்சப் பந்துதான் காக்கா. போய் நில்லுங்க."

கடைசிப் பந்து வந்தது. காரைதீவு வெல்ல இன்னும் மூன்று ஓட்டங்கள் வேண்டும். பந்து வீச்சாளன் பந்தைக் காற்சட்டையிலே தேய்த்தான், மென்பந்தைத் தேய்ப்பதாற் பயனில்லை என்று அறிந்தும் தேய்த்தான். ஓடி வந்தான். ஜதுசன் மட்டையைச் சுழற்றினான். பந்து எழுந்தது, தென்னை உயரம் எழுந்து, வெயிலை ஒருகணம் மறைத்து, எல்லோர் கழுத்தையும் தன்னோடு திருப்பிக்கொண்டு, இடக்கை மூலையை நோக்கி, முஸ்தாக் நின்ற இடத்தை நோக்கி, திரையிலே அசையாத பசு நின்ற இடத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.

அக்கணத்திலே ஸம்றா கண்டது இது: பந்து இறங்குகிறது, அது தன் பொய்க்கண்ணாடிக்குள் நுழையப்போகிறது, நுழைந்தால், ஓராண்டு காத்திருந்து, வேலை மாறி, இரவு முறையை இன்னொருவனிடம் கெஞ்சி மாற்றி, கைபேசியின் முன்னே மூச்சடக்கி இருக்கும் அத்தனை ஆடவருக்கும், ஆட்டத்தின் முடிவு ஒரு மாட்டுக்கு அடியிலே மறைந்துபோகும். மெய்க்கண்ணாடியாக இருந்திருந்தால் நீலப் புகையொன்று கையுயர்த்துவதேனும் தெரிந்திருக்கும். இதிலே ஒன்றுமே தெரியாது. புகழ் ஒருபுறம், பார்வை ஒருபுறம். பாத்ரூம் கண்ணாடி என்று ஒருவன் எழுந்து நின்று சொன்ன சொல் ஒருபுறம். அவுட்டா இல்லையா எண்டு தெரியல்ல என்று அவனே தயங்கிக் கேட்ட சொல் ஒருபுறம். தன் பிள்ளையைத் தானே ஆற்றில் விடுபவளைப்போல உதடு கடித்து, வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்தி, ஒரேயொரு விசையை அழுத்தினாள்.

கண்ணாடி போயிற்று. வெண்ணிற மெல்லாடை போயிற்று; ஊட்டிய நிறம் போயிற்று; பல பகல் கூட்டிக் குறைத்த மங்கலெல்லாம் போயிற்று; பசுவும் போயிற்று. முகில் கிழிந்து முழுமதி வந்தாற்போல, அந்த மூலை கண்ணைப் பறிக்கும் தெளிவோடு திறந்தது. அதன் நட்டநடுவிலே, பிற்பாதி முழுவதும் உலகத்தார் கண்ணுக்குப் புகையாகவும் பேயாகவும் மாடாகவும் நின்ற முஸ்தாக், முதன்முறையாக முஸ்தாக்காகவே, இரு கைகளையும் வானுக்கு ஏந்தி நின்றான்.

பந்து அவன் கைகளில் விழுந்தது. கைகளிலிருந்து எழுந்து அவன் நெற்றியில் மோதியது. நெற்றியிலிருந்து எழுந்து எல்லைக்கயிற்றைத் தாண்டி, சன்னற் கம்பியில் ஒருமுறை தட்டி விழுந்தது.

மூன்று நாடுகளிலும் ஒருவர் தவறாமல் அதைக் கண்டனர். அவன் நெற்றியிற் பந்து பதிந்து, உப்பிய கன்னத்தோடு கண் மூடிய அந்தக் கணத்தைக்கூடக் கண்டனர். அத்துணைத் தெளிவு.

காரைதீவார் ஆர்ப்பரித்து ஓடிவந்தனர். ஜதுசன் தன் தோழர் தோளிலிருந்து இறங்கி, முதலில் முஸ்தாக்கிடம் வந்து முகத்தைப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணன், நெத்தி வீங்குது. கெதியா ஐஸ் வைங்க."

சன்னலுக்குள்ளிருந்து சரீபாவின் கை நீண்டு, அரைவாசி இளகிய இறால் பொதியை வெளியே கொடுத்தது. முஸ்தாக் அதை வாங்கி நெற்றியில் அழுத்திக்கொண்டு, சன்னற்கம்பியிற் சாய்ந்து, தோற்ற மன்னர் அனைவரினதும் துயரம் ஒரு குரலாகத் திரண்டாற்போலக் கேட்டான்.

"பின்னேரம் முழுக்கக் கண்ணாடிய எடு, எடு எண்டு கெஞ்சினன். எடுக்கல்ல. இந்த ஒரு பந்துக்கு ஏன் புள்ள எடுத்தாய்?"

"நீங்க தெரியணும் எண்டுதான் காக்கா."

இறால் தண்ணீர் அவன் புருவத்தில் வழிந்தது.

"டோஹாவில திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறானுகளாம்."

"தெளிவா இரிக்கிதாமா?"

"ஓம்," என்றான் முஸ்தாக். "நல்லாத் தெளிவா இரிக்கிதாம்."

மைதானம் வெறிதாயிற்று. றினாஸ் முக்காலியை மடித்துக்கொண்டு இறங்கிப் போனான். கடற்காற்று சன்னல் வழியே வந்து, வெற்றியும் தோல்வியும் ஒருங்கே எய்திய அவ்வீராங்கனையின் தலைத்துணியை அசைத்தது. அப்போது கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. கடலும் பாலையும் கடந்து வந்த மிஹ்லாரின் செய்தி அது. வார்த்த கண்ணாடியின் எழிலையும், அதைத் தன் கையாலேயே உடைத்த பெருந்தகைமையையும், அவ்வறையினர் எழுந்து நின்று செய்த ஆரவாரத்தையும், ஆண்டாண்டு காலம் நாவிலே அடைத்துவைத்திருந்த புகழுரை அனைத்தையும் மடை உடைத்து அவன் பாடியிருப்பான் என்று எண்ணி, இரு கைகளாலும் கைபேசியை ஏந்தி, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, அச்செய்தியை அவள் பார்த்தாள்.

சாப்பிட்டயா என்று கேட்டிருந்தான், இல்லை என்று எழுதிவிட்டு அவள் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.